அண்ணனின் வயதுத் துவக்கு

நோர்வேயில் நான் வசிக்கும் எல்லிங்ஸ்ருட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஓலாவுக்கு ஒரு பைத்தியம். தான் பிறந்த ஆண்டில் செய்த துவக்கு என்று நாங்கள் சொல்லும் பழைய துப்பாக்கிகளாகத் தேடித் தேடி வாங்குவார். போன மாதம் என் பிறந்தநாளன்று என்னையும் மகளையும் கோப்பிக்குக் கூப்பிட்டார். இரும்பு அலுமாரியைத் திறந்து, நான் அதுவரை பார்க்காத ஒரு துவக்கை எடுத்து நீட்டினார்.

"இது நீ பிறந்த ஆண்டில் செய்தது. உனக்குக் காட்டத்தான் வாங்கினேன். பார், ஒரு கீறல்கூட இல்லை" என்றார் நோர்வேஜிய மொழியில்.

இரும்பில் ஆண்டு பொறித்திருந்தது.

"அப்பா, உங்கட வயசுத் துவக்கு! பிடியுங்கோ, படம் எடுக்கிறன்" என்றாள் மகள்.

அது நான் பிறந்த ஆண்டே அல்ல, அண்ணன் பிறந்த ஆண்டு. ஊரில் அவனைச் சந்தியில் வைத்து ஆமி சுட்டுக் கொன்ற பிறகு, அவனுடைய பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் ஏஜென்சிக்காரர் என்னை இங்கே அனுப்பினார். அன்றிலிருந்து பெயரும் பிறந்தநாளும் அவனுடையவை. மகளுக்கு இது தெரியாது.

வாங்கிப் பிடித்தேன். எண்ணெய் மணத்தது.

"இன்னும் உயர்த்திப் பிடியுங்கோப்பா."

"பாரமாக் கிடக்குது பிள்ளை."

"சிரியுங்கோவன்."

சிரித்தேன்.

ஓலா துவக்கைத் திருப்பி வாங்கி, என் விரல் பட்ட இடங்களை மெல்லிய துணியால் துடைத்து, பத்திரமாக வைத்துப் பூட்டினார். அந்தத் துவக்கின் அதே வயதுக்காரனான அண்ணனை எங்கள் சந்தியில் மாலை வரை வெயிலில் கிடக்க விட்டார்கள்.

மகள் அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறாள். அண்ணனின் படம் எங்கள் வீட்டில் எங்கும் இல்லை. மாட்டினால், அது யார் என்று கேட்பாள்.