சேற்று மூட்டைகளும் வராத லோரியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நடந்தது இது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தாழ்வான ஒரு கம்பத்தில், அதாவது கிராமக் குடியிருப்பில், வசிக்கிறோம். கால்வாய் அடைத்தால் முதலில் தண்ணீர் ஏறுவது கடைசி வீட்டு அக்காவின் வீட்டில்தான். அவர் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை.

பொதுமக்களும் நகராட்சி அலுவலகமும் சேர்ந்து கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டுத் துப்புரவுப் பணி, செய்யலாம் என்றார் அங்குள்ள ஓர் அதிகாரி. நாங்கள் கால்வாயைத் தூர்வார வேண்டும். அவர்கள் லோரி அனுப்பிச் சேற்றை அள்ளிப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கடிதம் எழுதியதும், நான்கு கூட்டங்களில் பேசியதும், வீடு வீடாக ஆள் சேர்த்ததும் நானேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது பேர் சாக்கடையில் இறங்கினோம். அதிகாரி வந்தார். பானர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார், நாசி லெமாக் சாப்பிட்டார், போய்விட்டார். கரையெல்லாம் சேற்று மூட்டைகள். லோரியைக் காணோம். அதிகாரிக்குப் போன் செய்தேன்.

“லோரி வேற டிபார்ட்மெண்ட் தம்பி. நம்ம புரோகிராம்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே. படம் அனுப்பியிருக்கேன், பாருங்க.”

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மூட்டைகள் சரிந்து கால்வாயையே அடைத்துவிட்டன. அக்கா வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். நான்கு பேர் சேர்ந்து அவர் கணவரைப் பக்கத்து வீட்டு மாடிக்குத் தூக்கிப் போனோம். அக்கா திட்டவில்லை. “சும்மா விட்டிருந்தா இவ்ளோ தண்ணி வந்திருக்காதுலா தம்பி” என்றார்.

மறுநாள் வழக்கம்போல் குப்பை லோரி வந்தது. ஓட்டுநருக்கு என் வயதுதான் இருக்கும். நான்கு கூட்டம், கடிதம், காத்திருந்தது என்று எல்லாவற்றையும் அவரிடம் பொரிந்து தள்ளினேன்.

“என்னைய ஏன் பாஸ் திட்டுறீங்க? ஞாயித்துக்கிழம லோரி டிப்போவுல பூட்டிக் கெடக்கும். வேணும்னா வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுக்கணும். நாலு மீட்டிங் போட்டீங்களே, ஒண்ணுக்காச்சும் என்னையக் கூப்பிட்டீங்களா?”

வாரம் மூன்று முறை எங்கள் வாசலுக்கு வருகிறவர். அதிகாரிக்குத்தான் தோன்றவில்லை, படித்த எனக்கும் தோன்றவில்லையே.

அடுத்த முறை அவரைக் கேட்டு ஒரு சனிக்கிழமையில் வைத்தோம். லோரி வந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படம் இன்னும் அலுவலகச் சுவரில், ‘வெற்றிகரமான கூட்டு முயற்சி’ என்ற வரியோடு தொங்குகிறது. வேலை யார் கையால் நடக்குமோ அவரை விட்டுவிட்டுப் போடும் எந்தக் கூட்டத்தைக் கண்டாலும், அதில் பேசுகிறவன் நானே ஆனாலும், எனக்கு இப்போது ஆத்திரம்தான் வருகிறது.