பெர்கனில் பொழுது எப்போது சாயும்?

1. மாலை ஏழு மணி

நார்வே நாட்டின் பெர்கன் நகரிலிருந்து வந்த கடிதத்தில், ஆட்டம் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் என்றிருந்தது. 1973 ஏப்ரல், ஒரு வெள்ளிக்கிழமை. ராயபுரத்தில் நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்ஸியில், பயணிகளுக்கு டிக்கெட் போடும் பாஸேஜ் செக்‌ஷனில் என் மேஜைக்கு எதிரே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிளமென்ட். மற்றவர் காலடிப்பேட்டை கஜேந்திரன், திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இருவரும் பூப்பந்து ஆட்டக்காரர்கள். மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து, பக்கத்துக்கு ஐந்து பேராக வெட்டவெளியில் ஆடும் ஆட்டம் அது.

கடிதத்தைப் படித்துச் சொன்னதும் கஜேந்திரன் சிரித்தான்.

"ஏழு மணிக்கா? பந்து எங்க சார் கண்ணுக்கு தெரியும்? இருட்டுல இன்னாத்த ஆட்றது, கண்ணாமூச்சியா?"

"ஹாலுக்குள்ள லைட்டு போட்டு ஆட வெப்பான் போல," என்றார் கிளமென்ட். "நமக்கு ஹால் சரிப்படாது சார். தூக்கி அட்ச்சா கூரைல போய் குந்திக்கும்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் ஊரில் ஆறரைக்கு மேல் மஞ்சள் பந்து தெரியாது. வெளியில் ஆட வேண்டும், மூன்று மணிக்கே தொடங்க வேண்டும் என்று பதில் டைப் செய்தேன். பத்து நாளில் மறுபதில் வந்தது. "உங்கள் விருப்பப்படியே" என்று ஒரே வரி.

எழுதியவர் பெயர் ஓலாவ். மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்த ராயபுரம் வந்து இரண்டு வருஷம் இருந்தவர். கிளமென்ட்டின் அண்ணன் சவரிமுத்து சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். நார்வே கடற்கரையில் கப்பல் நின்றிருந்தபோது நிமோனியாவில் இறந்து, பெர்கனுக்கு அருகே ஒரு சிறு தீவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமானார். அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று கேட்கத்தான் கிளமென்ட் முதன்முதலில் ஓலாவிடம் போனார். வழி சொன்ன மனிதர் அன்று மாலையே இவர்களோடு பந்தாடவும் வந்துவிட்டார். ஊர் திரும்பியதும் தன் சங்கத்தாருக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்து, ராயபுரம் ஆட்டக்காரர்களை வரச்சொல்லிக் கடிதம் போட்டார். ராட்டர்டாமிலும் கோபன்ஹேகனிலும் அவரிடம் ஆட்டத்தைக் கற்ற நண்பர்களின் சங்கங்கள் இருந்தன. ஆகவே மூன்று நகரம், மூன்று ஆட்டம்.

2. முதலில் ஆடுகளம், பிறகு விடுதி

அதுவரை நான் டிக்கெட் போட்டவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கடமைக்காகப் போனவர்கள். பயிற்சிக்குப் போகும் எஞ்சினியர்கள், ரோமுக்குப் போகும் கன்னியர், கப்பலில் சேரப்போகும் ஆபீசர்கள். ஆடுவதற்காகவே கடல் கடந்து போகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். இன்று பயண அலுவலகங்களில் இருக்கும் இளைஞர்கள், கண்ணாடிச் சுவருக்குள் ஆடும் பேடல் ஆட்டத்துக்காக மாட்ரிடுக்கும் லிஸ்பனுக்கும் மூன்று நாள் பயணம் போட்டுத் தருகிறார்கள். அவர்களில் ஒருவர் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது சொல்லித்தர யாரும் இல்லை. எங்கள் செக்‌ஷன் ஹெட் டேனியல் சார், "ஆடப்போறவனுக்கு டிக்கெட் போடுறது எப்படின்னு ஆடுறவனைக் கேளுப்பா. என்னைக் கேட்டா நான் சர்ச்சுக்குப் போற வழியத்தான் காட்டுவேன்," என்று சொல்லிவிட்டார்.

கேட்டேன். பயணம் முடிந்து இறங்கிய அன்றே ஆடினால் கால் கனக்கும் என்றார்கள். ஆடுகளத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் படுக்கை வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்தால் உடம்பு ஆறிவிடும். ஆடிய மறுநாள் சும்மா படுக்கக் கூடாது, மெதுவாக நடக்க வேண்டும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு பயணத்தைத் தலைகீழாகப் போட்டேன். சாதாரணமாக முதலில் விமானம், பிறகு விடுதி, கடைசியில் ஊர் சுற்றல். நான் முதலில் ஆடுகளத்தைப் பிடித்தேன். அதற்குப் பக்கத்தில் விடுதி. மறுநாளைக்கு ராட்டர்டாமில் துறைமுகத்தை ஒட்டி நடை, கோபன்ஹேகனில் வாடகை சைக்கிள்.

மாலை வந்தால் மட்டும் என் டைப்ரைட்டர் நின்றுவிடும். மூன்று நகரத்துக்கும் ஆறு மணிக்கு மேல் 'ஓய்வு' என்று அடித்தேன்.

நான் பூகோளம் படிக்காதவன் அல்ல. வடதுருவ வட்டத்துக்குள் கோடையில் சூரியன் மறைவதில்லை என்பது பள்ளிப் பாடம். சுவரில் இருந்த வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பெர்கன் அந்த வட்டத்துக்கு வெளியே, நன்றாகத் தெற்கே இருந்தது. ஆகவே அங்கே சூரியன் மறையும் என்று முடிவு செய்தேன். மறையும் என்பது சரி. எப்போது என்று நான் கேட்கவில்லை. வட்டத்துக்கு வெளியே இருந்த ஊர்களுக்கெல்லாம் ராயபுரத்துப் பொழுதையே பகிர்ந்து கொடுத்துவிட்டேன்.

3. டைம் போடுகிறவன்

மே மாதம் டிக்கெட், அம்மை ஊசி போட்டதற்கான மஞ்சள் புத்தகம், அந்நியச் செலாவணிக்கான பி ஃபார்ம் எல்லாம் தயாரான பிறகு கிளமென்ட் தனியாக வந்தார்.

"சார், அண்ணன் கல்லறைக்கு எந்த நேரத்துல போறோம்?"

பயணத் திட்டத் தாளை, ஐட்டினரியை, விரித்தேன். பெர்கனில் மட்டும், வேறு விமானம் கிடைக்காமல், இறங்கிய அன்றே ஆட்டம் போட்டிருந்தேன்; அங்கே இருந்தது ஒரே ஒரு நாள். ஞாயிறு முற்பகல் இறங்குகிறார்கள். மூன்று மணிக்கு ஆட்டம். திங்கள் விடிந்ததும் விமானம்; அதை விட்டால் பம்பாய் கனெக்‌ஷன் போய்விடும். தீவுக்குப் படகில் ஒரு மணி நேரம் என்று ஓலாவ் முன்பே சொல்லியிருந்தார். ஆட்டம் முடிந்து கிளம்பினால் கல்லறையில் கால் வைக்கும்போது இருட்டிவிடும். தெரியாத கடலில், இரவில், விருந்தாளிகளை அனுப்பச் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கிளமென்ட் தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "இத்த எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். என்னால ஆவாது."

மறுநாள் சலேத்தம்மா வந்தார். காசிமேட்டில் மீன் விற்கிறவர். கூடையை வாசலில் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"நைனா, நீதான் டைம் போடறவனா?"

"ஆமாம்மா."

"அப்ப என் பெரிய புள்ளைக்கும் கொஞ்சம் டைம் போடு."

நான் வரைபடத்தைக் காட்டினேன். ஆட்டம், படகு, விமானம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "பொழுது சாஞ்சிடும்மா. கடல் இருட்டா இருக்கும்," என்றேன்.

"கடலு இருட்டுன்னு யாராண்ட சொல்ற? என் வூட்டுக்காரன் நடுராத்திரில கட்டுமரம் தள்னவன்." குரல் ஏறி, பிறகு தானாகவே இறங்கியது. "அத்தினி தூரம் ஏரோப்ளேன்ல போயி, பொறந்தவனப் பாக்காம பந்து அட்ச்சிட்டு வந்தான்னா, நாளைக்கு நான் தெருவுல எப்டி நைனா நடப்பேன்? அவன் கல்லறைய நம்ம ஜனம் ஒருத்தர் கூட பாத்ததில்ல. அங்க நெஜமாவே புதச்சாங்களா, கடல்ல வுட்டாங்களான்னு கூட எனக்குத் தெரியாது."

டேனியல் சார் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அன்று மாலைவரை நானும் அவரும் விமான நேர அட்டவணைத் தடிப்புத்தகத்தைப் புரட்டினோம். ஒரு நாள் தள்ள வழியே இல்லை. அடுத்த நாள் சலேத்தம்மா மறுபடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கோவிலில் மந்திரித்த ஒரு மெழுகுவத்தியை நியூஸ் பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"டைம் போட்டவன் நீதான, நீயே அவங்கிட்ட குடுத்தனுப்பு. வெக்க முடிஞ்சா வெக்கட்டும். இல்லாங்காட்டி அந்தக் கடல்லயாவது போட்டுட்டு வரட்டும்."

4. கிளமென்ட் சொன்னது

ஜூன் மாதம் நடுவில், ஒரு புதன்கிழமை திரும்பி வந்தார்கள். அன்று சாயங்காலமே கஜேந்திரன் ஆபீஸ் வாசலில் நின்றான். "வாங்க சார், சலேத்தம்மா கூப்புடுது. உங்களுக்குப் பெரிய பேஜாரு காத்துகினு கீது," என்று கண்ணடித்தான்.

தேவாலயத்துக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. சலேத்தம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். கிளமென்ட் எனக்கு நாற்காலி போட்டார்.

ராட்டர்டாமில் தோற்றார்கள். கோபன்ஹேகனில் ஜெயித்தார்கள். பெர்கனில் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கம்பளிப் பந்து நனைந்தால் கல்லாகிவிடும். ஒதுங்கி நின்றார்கள். மழை விட்டபோது ஆறு. ஆட்டம் முடிந்தபோது ஏழரை.

"யாரு ஜெயிச்சா?" என்றேன்.

"அத்த வுடுங்க சார்," என்றான் கஜேந்திரன்.

கிளமென்ட் சொன்னார்: "நான் பையக் கட்டிகினு இருக்கேன். ஓலா வந்து, வா வா, படகு ரெடி, தீவுக்குப் போலாம்னான். இன்னாப்பா வெளையாட்றியா, ராத்திரி ஆவுதுன்னேன். அவன் என்னையே பாக்கறான். என் தோளப் புட்ச்சி அப்டியே மேற்க திருப்பி வுட்டான்."

"சூரியன் சார்!" என்று கஜேந்திரன் இடையில் புகுந்தான். "நம்ம ஊர்ல அஞ்சு மணிக்கு எங்க நிக்குமோ அங்க நிக்குது. நான் வாட்ச்ச ஆட்டிப் பாத்தேன். நின்னுபோச்சோன்னு."

ஓலாவின் சொந்த எஞ்சின் படகில் ஆட்டக்காரர்கள் ஐந்து பேரும் அவருமாக ஆறு பேர் ஏறியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மழையில் கழுவின மலைகள், ஒவ்வொரு மலையிலிருந்தும் வெள்ளிக் கம்பிபோல் அருவி. பேச்சுக்குப் பெயர்போன கஜேந்திரன் ஒரு மணி நேரம் வாய் திறக்கவில்லை என்று கிளமென்ட் சொன்னார். அவன் மறுக்கவில்லை.

"கல்லறைக்குப் போவ எட்டே முக்கால். புல்லு அழகா வெட்டி வெச்சிகிறாங்க. வெள்ளப் பலகைல அண்ணன் பேரு. எழுத்து கொஞ்சம் தப்பு. ஆனா அவன் பேருதான். பக்கத்து வூட்டுக் கெழவி ஒண்ணு வந்து, நான்தான் இந்தப் பையனுக்குப் பூ வெக்கிறேன்னு சொல்லிச்சாம், ஓலா சொன்னான். நம்ம மெழுகுவத்திய ஏத்துனேன். ஏத்துனதே தெரியல சார். அவ்ளோ வெயிலு. கைய வெச்சிப் பாத்தாதான் சூடு. ராத்திரி ஒம்போது மணிக்கு."

"எத்தனை மணி?" என்றேன். அவர் முன்பே சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது.

"ஒம்போது சார். நாங்க படகுல திரும்பறப்ப பத்து தாண்டிதான் அது எறங்குச்சி. எறங்கியும் இருட்டல."

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். சலேத்தம்மா என் பக்கம் திரும்பி, "கேட்டியா நைனா, என் புள்ளை மேல ராத்திரியெல்லாம் வெயில் அடிக்குதாம்," என்றார். அவ்வளவுதான். நான் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேரை எத்தனையோ ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். நான் தாளில் 'ஓய்வு' என்று அடித்த இடத்தில் அப்படி ஒரு மாலை இருந்தது.

5. பிறகு

மறுநாள் காலை முதல் வேலையாக நாட்டிகல் அல்மனாக்கைத் தேடினேன். கப்பல்காரர்கள் வைத்திருக்கும் பஞ்சாங்கம். எங்கள் ஆபீஸ் அலமாரியிலேயே இருந்தது. பெர்கன் இருக்கும் அட்சரேகைக்கு ஜூன் மாதத்து அஸ்தமனத்தைப் பார்த்தேன். கிளமென்ட் சொன்னது சரி. ஓலாவ் ஏன் ஏழு மணி என்று எழுதினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பகலெல்லாம் தீவுக்கு, மாலையில் ஆட்டம் என்று அவர் நினைத்திருந்தார்.

அன்றிலிருந்து நான் போட்ட ஒவ்வொரு ஐட்டினரியிலும், ஊர்ப் பெயருக்குக் கீழே அந்த வாரத்து உதயமும் அஸ்தமனமும் இருக்கும். "கல்யாணப் பத்திரிகை அடிக்கிறியா?" என்று டேனியல் சார் கேலி செய்வார். ஆடப் போகிறவர்களுக்குத் திட்டம் போடும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். வரைபடம் தூரத்தைச் சொல்லும், அட்டவணை நேரத்தைச் சொல்லும். அந்த ஊரில் பொழுது எப்படி இருக்கும் என்பதை அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள். அவர் எழுதியது விநோதமாகப் பட்டால் திருத்துவதற்கு முன் காரணம் கேளுங்கள்.

அல்மனாக்கைப் பார்த்த அன்று இன்னொன்றும் செய்தேன். அதே அட்சரேகைக்கு டிசம்பர் பக்கத்தையும் திருப்பினேன். காலை பத்து மணி நெருங்கும்போதுதான் சூரியன் வருகிறது, மூன்றரைக்குள் போய்விடுகிறது. உடனே புத்தகத்தை மூடி வைத்தேன். சலேத்தம்மா மார்க்கெட் முழுக்க வெயில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், அவரே ஆபீஸுக்கு வந்தார். டேனியல் சாருக்கு வஞ்சிரம் கொண்டுவந்திருந்தார். போகிறபோது என் மேஜையருகே நின்றார்.

"நைனா, இப்ப அங்க வெயில் அடிக்குமா?"

மணி மாலை ஐந்து. அங்கே மதியம் பன்னிரண்டரை. அந்த நிமிஷத்துக்கு 'ஆமாம்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. "இப்போ கொஞ்சம் இருக்கும்மா. இன்னும் மூணு மணி நேரத்துல இருட்டிடும். விடிய நாளைக்கு வெகு நேரம் ஆகும். மார்கழியில அங்க ராத்திரிதான் பெருசு," என்றேன்.

அவர் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். கூடையைத் தூக்கிவிட நான் எழுந்தேன்.

"ஆனி மாசம் பூரா முழிச்சிகினு இருந்தவன், மார்கழிலயாவது தூங்க வோணாமா?" என்றார் சலேத்தம்மா. "தூங்கட்டும், வுடு."