ஊருக்குப் போனவர்களின் கார்கள்

ஷார்ஜாவில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டுவிட்டால் மொஃபஸ்ஸல் மியாவுக்குத் தலை சொறியக்கூட நேரம் இருக்காது. அவர் காவல் காக்கும் ஆறு மாடிக் கட்டடத்தில் பாதிப் பேர் பெட்டி கட்டுவார்கள். கேரளா, ஹைதராபாத், லாகூர், மணிலா என்று ஆளுக்கொரு திசை. கிளம்பும் அவசரத்தில் கார் சாவியைக் கொண்டுவந்து நாத்தூர் கையில் திணிப்பார்கள். கட்டடக் காவலாளியை அங்கே நாத்தூர் என்றுதான் கூப்பிடுவது. பல வருஷம் குடியிருந்தவர்களில் சிலருக்கு அவர் பெயரே தெரியாது.

பெயர் தெரியாவிட்டால் என்ன, சாவியைக் கொடுக்க மட்டும் கை கூசாது. பின்பக்கத்து மணல் மைதானத்தில் மியா கார்களை வரிசையாக நிறுத்துவார். டயருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். வைப்பரைத் தூக்கி நிறுத்தாவிட்டால் ரப்பர் உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பேட்டரி வயரைக் கழற்றி, பானெட்டுக்குள் பூனை குட்டி போடாமல் இருக்க அந்துருண்டை போட்டு, உள்ளே பிள்ளைகள் விட்டுப்போன சாக்லேட்டைத் தேடி எடுத்து எறிவார். அதோடு முடிந்ததா? வாரா வாரம் கழுவ வேண்டும். தூசி படிந்து கிடந்தால் நகராட்சிக்காரன், கேட்பாரற்ற வண்டி என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போவான். அப்புறம் இழுத்துக்கொண்டு போய்விடுவான். வெயிலோ, தோலை உரிக்கும். அதனால்தான் இத்தனை வருஷமாக ஒரு கோடையில்கூட மியா வங்கதேசத்தில் தன் ஊரான நோவாகாலிக்குப் போனதில்லை. குளிர்காலத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாதபோது, போய்விட்டு வருவார்.

அந்த வருஷம் மட்டும் அவருக்குக் கோடையிலேயே போக வேண்டியிருந்தது. ஒரே மகள் லுத்ஃபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஓமானில் வெல்டர். அவனுக்கு விடுப்பு கிடைத்ததே ஜூலையில்தான், தேதியைத் தள்ளிப்போட வழியில்லை. மியா ரம்ஜானுக்கு முன்பே அலுவலகத்தில் மேனேஜர் நாதிரிடம் சொல்லி வைத்தார். ஜோர்டான்காரரான நாதிர் தலையை ஆட்டினார். மியா ஒரு வெள்ளை ஜிப்பாவும் வாங்கிவிட்டார். மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கும்போது போட்டுக்கொள்ள.

மூன்றாம் மாடி குரியகோஸ் அப்போதுதான் ஒரு பெரிய புது வண்டி வாங்கியிருந்தார். உள்ளே பழுப்புத் தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை. மியா போகிறார் என்று தெரிந்ததும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மியாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நேரே நாதிரிடம் போனார். போகும் வழியில் மற்ற வீட்டுக் கதவுகளையும் தட்டினார்.

மறுநாள் நாதிர் கூப்பிட்டு அனுப்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீ கொடுத்து வச்சவன்யா! ஒரு நாத்தூருக்காக வாடகைக்காரங்க கூட்டமா வந்து நின்னு நான் பார்த்ததில்ல. உன்னை மாதிரி நம்பிக்கையான ஆள் வேற கிடையாதாம். செப்டம்பர்ல போ, அதுக்குள்ள எல்லாரும் திரும்பி வந்துருவாங்க."

"சார், மகளுக்குக் கல்யாணம் சார். செப்டம்பர்ல போய் நான் என்ன பண்ண?"

"பேரப்பிள்ளையப் பாரு!" என்று நாதிர் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தார்.

நல்லவன் என்று பெயரெடுத்ததற்கு இதுதான் பரிசு. ஒரு வண்டியில் கீறல் விட்டிருந்தால், ஒரு சாவியைத் தொலைத்திருந்தால், போய்த் தொலை என்று அனுப்பியிருப்பார்கள். மகள் கல்யாணத்தில் சோறு பரிமாறிக்கொண்டிருந்திருப்பார்.

விமானத்துக்குக் கிளம்பும்போது குரியகோஸ் அவர் தோளில் கை போட்டார்.

"மியா, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நீ எங்க வீட்டு ஆளு மாதிரி. அதான் உரிமையாப் போய்ச் சொன்னேன். உன் தம்பி இருக்கான்ல, நின்னு நடத்தட்டும்."

"நீங்க எதுக்கு சார் ஊருக்குப் போறீங்க?"

"என் மச்சினன் பொண்ணுக்குக் கல்யாணம். போகலைன்னா சொந்தக்காரங்க நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்பாங்க." வாய் கூசாமல் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் வண்டிக்குப் பேட்டரியக் கழட்டாத. எல்லாம் கம்ப்யூட்டர். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு உக்காரு. நீயும் கொஞ்சம் குளுகுளுன்னு இரு, என்ன?"

மியா சாவியை வாங்கிக்கொண்டார். தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டே இருந்தார்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. படிக்கட்டுக்குக் கீழே அவர் படுக்கும் அறையில் போனுக்கு சிக்னல் வராது. வெளியே உச்சி வெயில். போனைக் கையில் பிடித்தால் சூடேறி அணைந்துவிடுகிறது. குரியகோஸ் வண்டியை அன்று எப்படியும் ஸ்டார்ட் பண்ண வேண்டும். மியா குளித்து, அந்த வெள்ளை ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு, வண்டியின் மேலுறையை உருவி, உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டார். தம்பிக்கு வீடியோவில் கூப்பிட்டார்.

பந்தல், ஜரிகைத் தோரணம், பிரியாணி தேக்சாக்கள். தம்பி போனைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மியா நிற்க வேண்டிய இடத்தில் அவன்தான் நின்றிருந்தான், நிக்காஹ் முடிந்திருந்தது. சிவப்புச் சேலையில் லுத்ஃபா. மியா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார்.

அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா போனுக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் தாடி, வாய் நிறைய வெற்றிலை.

"அடேங்கப்பா! சம்பந்தி கார்ல உக்காந்திருக்காரு! என்னா சீட்டு, என்னா கண்ணாடி! சம்பந்தி, வண்டி உங்களுதா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் தலையை நீட்டினார்கள். ஒரு கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் மியா ஊரில் சொல்லி வைத்திருந்தார். பெண் பேசியபோது மனைவி ராஹிலா அதை மேனேஜர் என்று ஆக்கிவிட்டாள். இல்லை, ஊராரின் காரைக் கழுவுகிறவன் நான் என்று இப்போது சொன்னால், பொய் சொல்லிப் பெண்ணைத் தள்ளிவிட்டவர்கள் என்று பந்தலிலேயே பேச்சு கிளம்பும். முதல் நாளே மகள் தலைகுனிய வேண்டும். மாப்பிள்ளைப் பையன் ஓமானில் இருப்பவன், அவனுக்குப் புரிந்திருக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை.

"ஆமா," என்றார் மியா.

பெரியப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பாத்துக்குங்கப்பா! இந்த வண்டி விலைக்கு எத்தனை தடவை பிளேன் ஏறலாம்! சொந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு வர மனசில்லை பாரு மனுஷனுக்கு. காருக்குள்ள உக்காந்து காத்து வாங்குறாரு!"

சிரிப்பு கிளம்பியது. ராஹிலா எங்கோ "வேலைங்க, லீவு தரலைங்க" என்பது கேட்டது. மேனேஜருக்கு யார் லீவு தரவேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை அவள் வாயை அடைத்தாள். லுத்ஃபா போனை வாங்கினாள். மியா அவள் முகத்தைப் பக்கத்தில் பார்த்தார். கண் மை கலைந்திருந்தது.

"அப்பா, வச்சிடுங்க," என்றாள். படம் போய்விட்டது.

மியா அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஏசிக் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் அவமானத்தில் எரிந்தது. மகளின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம், அது போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். தன் பெயர் கெட்டால் கெட்டுப் போகட்டும்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும் முன் லுத்ஃபா குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அவள் அழவில்லை, அவசரமாகப் பேசினாள்.

"நீங்க கார் கழுவுறது எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்ப்பா. உங்க கையைப் பார்த்தா தெரியாதா? கார் கழுவுறவர் பொண்ணுன்னு அவங்க சொல்லியிருந்தா நான் தாங்கியிருப்பேன். இப்ப அப்பனே வேணாம்னு விட்ட பொண்ணுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போறாங்க. இதைச் சொல்லிச் சொல்லியே என்னை வாழ்நாளெல்லாம் குத்துவாங்கப்பா. ஏன் ஆமான்னு சொன்னீங்க?"