மணமேடையில் ஒரு ஜோடி பாலே ஷூ

பாலே பள்ளி ஆண்டு விழாவில் மேடைக்குப் பின்னால் நிற்கிறவளுக்குச் சம்பளம் கிடையாது, கைத்தட்டல் கிடையாது, உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. வாய் நிறைய ஹேர்பின் மட்டும் உண்டு. பிள்ளையை ஏதோ ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டு, "ஆன்ட்டி, கொஞ்சம் ஹெல்ப் பண்றீங்களா?" என்ற ஒரு கேள்விக்குத் தலையாட்டி மாட்டிக்கொண்ட சகோதரிகளே, இது உங்களுக்காக.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சர்ச் ஹாலில் டோரின் மிஸ் சனிக்கிழமைதோறும் பாலே சொல்லிக்கொடுத்தார். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியும் முதுகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். நான் படித்த கான்வென்ட்டில் ஜெபமும் தையலும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் பெண்ணாவது ஆடட்டுமே என்று கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவள் மூன்றே மாதத்தில் கால் வலிக்கிறது என்று வீட்டோடு இருந்துவிட்டாள். நான்தான் ஒன்பது வருஷம் அங்கே போய்க்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசியில் நடந்த ஓர் ஆண்டு விழாவை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றவற்றைச் சொன்னால் என் ரத்த அழுத்தம் ஏறும்.

ஒரே ஒரு ஜோடி

சிட்லபாக்கத்திலிருந்து வந்த சுகந்திக்குப் பதிமூன்று வயது. நாலு வருஷமாக ஒரு சனிக்கிழமை தப்பவில்லை. மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தபோதும் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். எங்கள் பள்ளியில் கால் கட்டைவிரல் நுனியில் நிற்கிற முதல் பெண் அவள்தான். அதற்கென்று தனி ஷூ வேண்டும். முனையில் அட்டையும் பசையும் வைத்து மரக்கட்டை மாதிரி இறுக்கியிருப்பார்கள். மெட்ராஸ் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. டோரின் மிஸ்ஸின் தங்கை ஆஸ்திரேலியாவிலிருந்து அனுப்பிய ஒரே ஒரு ஜோடி இருந்தது. அதுவும் சுகந்திக்கு அப்போதே இறுக்கம். வளர்கிற வயசு, அடுத்த வருஷம் காலே நுழையாது. இந்த டிசம்பரில் நின்றால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அவளுடைய அப்பா முருகேசன் வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறவர். ஒரு நாள் மகளைக் கூட்டிப்போக வந்தவர் ஜன்னல் வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இதுக்கா மேடம் நாலு வருஷம்? எங்க நாரை பொறந்ததுலேர்ந்து ஒத்தக் கால்ல நிக்குது, அதுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல."

கொசுவலை

அந்த வருஷம் சின்னக் குழந்தைகள் இருபத்திரண்டு பேரும் வெண்பனி. வாழ்நாளில் பனிமழையைப் பார்த்தே இராத தாம்பரத்துக்கு டோரின் மிஸ் அதைக் காட்டியே தீருவேன் என்றார். குடை மாதிரி விரிந்து நிற்கிற குட்டைப் பாவாடைக்கு வலைத்துணி வேண்டும். பாரிமுனைக்குப் போய் விசாரித்தேன். கிடைத்தது கொசுவலைத் துணி. தூக்கிக்கொண்டு வந்து குரோம்பேட்டை டெய்லர் மாணிக்கத்திடம் கொடுத்தேன்.

தைத்து முடித்ததை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பாவாடைக்கும் உள்ளே கணுக்கால் வரை வெள்ளைப் பாப்ளின் தொங்குகிறது. "யார் இதை வைக்கச் சொன்னது? அளவு கொடுத்தேனே, முழங்காலுக்கு மேலே!" என்று கத்தினேன். மனிதர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "இன்னாமா நீ, துணி பத்தலன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? புள்ளைங்க பாவமேன்னு நானே என் துணியப் போட்டுக் குடுத்துகீறேன்."

பனிக்கும் திருஷ்டி உண்டு

ஒத்திகைக்கு வந்த தாய்மார்களுக்கு முன்கூட்டியே சுற்றறிக்கை கொடுத்திருந்தேன். பூ வேண்டாம், வளையல் வேண்டாம், கொலுசு வேண்டாம், தலையை இறுக்கி ஒரு கொண்டை, அவ்வளவுதான். எல்லோரும் வாங்கி, மடித்து, பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு குஞ்சலமும் கனகாம்பரமுமாகப் பனி வந்து இறங்கியது.

பூவைப் பிடுங்கினேன், கொலுசைக் கழற்றினேன், ஏழெட்டுப் பேரை அழவைத்தேன். கடைசியில் பார்த்தால் இருபத்திரண்டு கன்னங்களிலும் கறுப்பாக ஒரு பொட்டு. "பனி வெள்ளையாக இருக்கும், அதில் ஏதம்மா மை?" என்று அஸ்தினாபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் அசையவில்லை: "பனியா இருக்கறது அரை மணி நேரம்தாங்க ஆன்ட்டி, அப்புறம் என் பொண்ணாத்தானே வீட்டுக்கு வரணும்?"

படியில் நின்றவர்

வழக்கமாக ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடத்துவோம். அங்கே கூரை மாற்றிக்கொண்டிருந்ததால் அந்த வருஷம் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அதன் மேனேஜர் வரதன் நெற்றியில் சந்தனமும் இடுப்பில் சாவிக்கொத்துமாக மேடைப் படிக்கட்டில் நின்றுகொண்டு கையை நீட்டி மறித்தார்.

"செருப்போட யாரும் ஏறக் கூடாது. நாளைக்கு ஆறு மணி முகூர்த்தம். இங்கதான் அக்னி வளர்க்கிறாங்க."

"இது செருப்பு இல்லை சார், பாலே ஷூ."

"கால்ல போடறதுதானே?"

"காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை செருப்புப் போடலையா?"

"அது வாசல்லம்மா. மேடையில இல்ல."

என் வாய்க்குப் பயந்து எங்கள் காலனிப் பால்காரர் பக்கத்துத் தெரு வழியாகப் போவார். இந்த மனிதரிடம் அது செல்லவில்லை. கால் மணி நேரம் வாதாடினேன். சுகந்தி ஒரு மூலையில் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை. அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கடைசியில் வரதன் கொஞ்சம் இறங்கி வந்து ஒரு கேள்வி கேட்டார். "தெருவுல மிதிச்சதா, மிதிக்காததா? அதைச் சொல்லுங்க. மிதிக்காததுன்னா யோசிக்கலாம்."

வெற்றி என்று நினைத்துச் சின்னவர்களைத் திரும்பிப் பார்த்தேன். மாறுவேடப் போட்டிக்குக் கூட்டிவருகிற மாதிரி, தாய்மார்கள் வீட்டிலேயே முழு வேஷமும் போட்டு, துணி ஷூவையும் மாட்டி அழைத்து வந்திருந்தார்கள். மின்சார ரயிலில் ஏறி, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, மார்க்கெட்டுச் சகதியை மிதித்து வந்த நாற்பத்து நாலு ஷூக்கள். எதுவும் வெள்ளையாக இல்லை. டோரின் மிஸ் கண்ணை மூடித் திறந்தார். "கழட்டு, எல்லாம் கழட்டு. வெறுங்கால்ல பனி விழட்டும். வாட் டு டூ, மேன், இது தாம்பரம் பனி!"

ஒன் டூ த்ரீ

மிச்சம் இருந்தது பைக்குள் இருந்த ஜோடி. வகுப்புத் தரையைத் தவிர எதையும் மிதிக்காதது. வரதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "தோலா?" என்றார். அடியில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் இருக்கத்தான் செய்தது. அதன்மேல் என் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, "பட்டு சார், பாருங்க, சுத்தப் பட்டு" என்று மேல்பக்கத்தைக் காட்டினேன். பொய் சொன்னால் நரகம் என்று பத்து வருஷம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரீகள் என்னை மன்னிக்கட்டும்.

"சரி. ஆனா இதைப் போட்டுக்கிட்டு இங்க எந்தத் தரையிலயும் கால் படக் கூடாது. நேரா மேடைதான்" என்றார். சுகந்தி பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கட்டி முடித்த அலங்கார அறையோ பின்கட்டில், பந்திக்கூடத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் முற்றம் முழுக்க அண்டா கழுவிய தண்ணீர். அவிழ்த்துக் கொண்டுபோய் மேடைக்குப் பக்கத்தில் மறுபடி கட்டலாம் என்றால், ரிப்பனை இழுத்துக் கட்டி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். உள்ளே டேப் ரிக்கார்டரில் பனி முடிகிற பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது.

முருகேசன் வேட்டியை மடித்துக் கட்டினார். மகளை இரண்டு கையாலும் அள்ளினார், தண்ணீரில் இறங்கினார். மணப்பெண்ணைத் தூக்கி வருகிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, சமையல்காரர்கள் கரண்டியோடு விலகி வழிவிட்டார்கள். படி ஏறி, மேடை ஓரத்தில் அவளைப் பூச்சாடியை வைக்கிற மாதிரி இறக்கிவிட்டு, மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து நின்றார். சுகந்தி நடுமேடைக்குப் போனாள். டோரின் மிஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன், டூ, த்ரீ" என்று முணுமுணுத்தார். எட்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். ஒத்திகையில் ஆறைத் தாண்டியதில்லை.

எழும்பினாள். கை இரண்டும் மேலே போயின. ஆறில் கணுக்கால் லேசாக நடுங்கியது. முருகேசன் மூச்சை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. ஏழு. எட்டு. ஒன்பது. பத்துக்கு இறங்கினாள். குழந்தைகளுக்கு முறுக்கு உடைத்துக்கொடுத்துக்கொண்டிருந்த ஹால், முறுக்கை மடியில் போட்டுவிட்டு விசிலோடு கைதட்டியது. நான் ஹேர்பின்னை வாயில் கடித்தபடி கண்ணைத் துடைத்தேன். பக்கத்துத் திரைமறைவில் வரதன் தரையோடு தரையாகக் குனிந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஏமாந்துபோன களை. "ஏம்மா, மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இந்தப் பொண்ணு எங்க மேடைய மிதிக்கவே இல்லையே!"

பிள்ளைகளை விரல் நுனியில் நிற்கவைக்க நாலு வருஷம் போதும், பெரியவர்களைப் படிக்கட்டிலிருந்து நகரவைக்கத்தான் ஒரு ஜென்மம் தேவைப்படுகிறது.