வெட்டாத கத்தி வாங்கும் வீடு

எங்கள் வீட்டில் கத்தி வாங்குவதற்கு ஒரே ஒரு விதிதான். அது வெட்டக்கூடாது.

சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் வீணை வாசிக்கிறவள். இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் தந்தியை அழுத்துகிற விரல்கள். சின்ன வயதிலிருந்து அழுத்தி அழுத்தி நுனியில் காய்ப்பு ஏறி, தந்தி பதிகிற இடத்தில் கோடு விழுந்திருக்கும். அந்த இரண்டு விரல் இல்லையென்றால் எனக்குச் சம்பாத்தியமும் இல்லை, நிம்மதியும் இல்லை. என் கோபமெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. இல்லாவிட்டால் என் கணவர் என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்க முடியாது.

இந்த விதியைப் போட்டவரும் அவர்தான். மாட வீதி நடைபாதையில் வடிகட்டி, தேங்காய்த் துருவி, இடுக்கி எல்லாம் பரப்பி விற்கிறவரிடம்தான் எப்போதும் வாங்குவார். இருப்பதிலேயே மலிவு, பிளாஸ்டிக் கைப்பிடி, ஊர் பேர் எதுவும் கிடையாது. கொஞ்ச நாளில் கைப்பிடி ஒரு பக்கம், தகடு ஒரு பக்கம் என்று கழன்றுவிடும். அதனாலென்ன, தக்காளியைக் கூட நசுக்கத்தான் செய்யும், விரலை ஒன்றும் செய்யாது. "நம்மூர் கத்தியை நம்பலாம். அது யாருக்கும் கெடுதல் நினைக்காது" என்பார். முப்பது வருஷம் வங்கியில் வேலை பார்த்தவர். அவருடைய ஜாக்கிரதை அந்த அளவுக்கு.

நானும் அதை நம்பித்தான் நறுக்கினேன். பலகை வைத்து நறுக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. காயை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மேலிருந்து கத்தியை இறக்குவேன். காயைத் தாண்டிக் கத்தி கீழே வந்து விரலில் நிற்கும். அப்படியே அடுத்த துண்டு. எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்கள் இப்படித்தான். மொக்கைக் கத்தியாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

பயமெல்லாம் இன்னொரு கத்தியிடம்தான். ஜெர்மனியில் இருக்கும் என் மகள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரப்பெட்டியில் வைத்து ஒன்று கொண்டுவந்தாள். கத்தியைக் கையில் கொடுக்கக்கூடாது என்று மேஜையில் வைத்துத் தள்ளினாள், அந்த மரியாதை மட்டும் மறக்கவில்லை. "இனிமே அந்தத் தகர டப்பா கத்தியைத் தொடாதம்மா" என்றாள். அவள் விமானம் ஏறியதும் என் கணவர் பெட்டியைப் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்து பீரோவைப் பூட்டினார். வருகிறவர்கள் கேட்டால் திறந்து காட்டுவோம். அடுத்த வீட்டு மாமி ஒருத்தி கிட்டே வராமல் வாசற்படியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

போன ஐப்பசியில், நல்ல மழை பெய்த ஒரு காலை. பழைய கத்தியின் கைப்பிடி முந்தின நாள்தான் கழன்றிருந்தது. புதிதாகப் பச்சைக் கைப்பிடி போட்ட ஒன்று வந்திருந்தது, அதே கடை, அதே விலை. வாழைக்காயைக் கையில் ஏந்தி வழக்கம்போல் அழுத்தினேன். அழுத்தவே தேவையிருக்கவில்லை. காய் சத்தமில்லாமல் இரண்டானது. நான் இன்னொரு துண்டும் போட்டேன்.

துண்டு போட வைத்திருந்த கிண்ணத்தில் தண்ணீர் சிவப்பாக இருந்தது. இதில் பீட்ரூட் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பிறகு விரலைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனி, காய்ப்பும் கோடுமாக, ஒரு மூடிபோல் திறந்துகிடந்தது. வலி துளிக்கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. ஒரு எறும்பு கடித்தால்கூடத் தெரிகிறதே, இது எப்படித் தெரியாமல் போனது? கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தார். விரலைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அது வெட்டாதேடி!" என்றார்.

ரத்தம் முழங்கை வரைக்கும் வழிகிறது, இவர் கத்திக்கு வக்காலத்து வாங்குகிறார். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வந்த கோபத்தில் நான் அவரை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பழைய வேட்டியைக் கிழித்து விரலைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். ஆழ்வார்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர், பாதி ரோட்டை வேறு தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னா மாமி, மிஷின்ல மாட்டிக்கினியா?"

"கத்திப்பா. மாட வீதியில வாங்கினது."

"பிளாட்பாரம் கத்தியா? அது எங்க மாமி வெட்டும்?" என்றார். அவரும் நம்பவில்லை.

கைக் காயங்களுக்கென்றே இருக்கிற ஒரு டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"ரொம்ப க்ளீனான வெட்டு ஆன்ட்டி. இம்போர்ட்டட் கத்தியா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் விலையைச் சொன்னேன். அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஷார்ப்பா இருந்ததாலதான் தப்பிச்சீங்க. மொக்கையா இருந்து வழுக்கியிருந்தா சதையைக் கிழிச்சிருக்கும், சேர்த்துத் தைக்கிறதே கஷ்டம்" என்றாள். முப்பது வருஷம் எது பாதுகாப்பு என்று வைத்திருந்தோமோ, அதைத்தான் ஆபத்து என்கிறாள்.

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. மார்கழியில் ஒரு சபாவில் சாயங்காலக் கச்சேரி கொடுத்திருந்தார்கள். இத்தனை வருஷமாக மத்தியானம், காலி நாற்காலிகளுக்கு வாசித்துக் கொண்டிருந்தவளுக்கு முதல் முறையாக சாயங்காலம். வாசிக்க முடியுமா?

"தோல் சேர்ந்துடும். ஆனா சின்ன நரம்பு ஒண்ணு வெட்டுப்பட்டிருக்கு. உணர்ச்சி திரும்புமா, எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. என்னைக்கு அங்க வலிக்குதோ, அன்னைக்கு நல்ல சேதின்னு வெச்சுக்கோங்க."

மகளிடமிருந்து போன். "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா, அந்த லோக்கல் கத்தி சுத்த வேஸ்ட்!"

"வேஸ்ட் இல்லடி. நன்னா வெட்டறது. அதான் பிரச்சினை."

அவளுக்குப் புரியவில்லை. எனக்கே புரியாதபோது அவளுக்கு எப்படிப் புரியும்?

கையில் கட்டோடு நேராக மாட வீதிக்குப் போனேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் கட்டைப் பார்த்துப் பதறினார்.

"இன்னா மாமி, கையில கட்டு?"

"உன் கத்திதான். வெட்டிடுத்து."

"நம்ம கத்தியா?" என்றார். "வெட்டிச்சா?"

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் என்ன சொல்ல! மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் திரும்பி, "யக்கா, நம்ம கத்தி வெட்டிச்சாம்க்கா!" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோ மாமி, தப்பா எடுத்துக்காத. இத்தினி வருஷமா வர்றவங்க போறவங்க எல்லாரும் மொக்கை, டுபாக்கூருன்னு திட்டிக்கினுதான் கீறாங்க. அதான் இந்த தபா வேற எடத்துல சரக்கு எடுத்தேன். நல்லா சாணை புட்ச்சி வருது."

"வெட்டும்னு சொல்லி விக்கக்கூடாதா?"

"சொன்னா யாரு மாமி நம்புவாங்க?"

ஒத்திகை பார்த்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கத்தி விற்கிறவர் தன் கத்தி வெட்டும் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. நானும்தான் நம்பியிருக்க மாட்டேன். வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

தையல் பிரித்தார்கள். விரல் பார்க்க லட்சணமாக இருந்தது. வீட்டுக்கு வந்து வீணையை மடியில் வைத்துத் தந்தியை அழுத்தினேன். ஒன்றுமே தெரியவில்லை. தந்தி இருக்கிறதா, அதன் அடியில் வெண்கல மெட்டு இருக்கிறதா, விரல் இருக்கிறதா, எதுவும் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கமகத்துக்குத் தந்தியை இழுத்தால் சுருதி எங்கோ போய் நிற்கிறது. அது என் விரலே இல்லை. அப்படியே வீணைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அவர் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து சமையல் அவர்.

தினமும் உட்கார்ந்தேன். விரல் தினமும் அதே மரக்கட்டைதான். கடைசியில் சபா செயலாளர் கூப்பிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. நோட்டீஸ் அடிக்கணும். வாசிப்பேளா மாட்டேளான்னு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்கோ. இல்லேன்னா வேற யாரையாவது போட்டுடறோம்."

சாயங்காலமும் ஆகிவிட்டது. முடியாது என்று சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை என்று வீணையை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆள்காட்டி விரலை வைத்துக் கோபத்தோடு அழுத்தி இழுத்தேன்.

சுருக்கென்று முள் ஏறினதுபோல் முழங்கை வரைக்கும் இழுத்தது. "ஐயோ!" என்று கத்திவிட்டேன். இந்தத் தடவை சத்தம் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் சமையலறையிலிருந்து ஓடி வந்தார். கையில் பச்சைக் கைப்பிடிக் கத்தி.

"என்ன ஆச்சு? கத்தி என் கையிலன்னா இருக்கு!"

"வலிக்கறது!" என்றேன். மறுபடி அழுத்தினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நன்னா வலிக்கறது. அந்தக் கத்தியைக் கீழ வெச்சுட்டு சபாவுக்குப் போன் போடுங்கோ."