விருந்தாளிக்குத் தண்ணீர்

சுண்டெலிகளின் ஞாபகத்தைச் சோதிப்பது என் வேலை. பெட்டியின் ஒரு பக்கம் சின்னக் கம்பிக்கூண்டில் ஏற்கெனவே பழகிய எலி, மறுபக்கம் புது எலி. நடுவில் ஒன்றை விடுவோம். ஞாபகம் இருந்தால் அது புதியதிடம்தான் ஓடும். மூக்கை நீட்டி நீட்டி மோந்து பார்க்கும். பழையதைச் சட்டைகூடப் பண்ணாது. பழையதையும் புதியதைப் போலவே மோந்தால் மறந்துவிட்டது என்று அர்த்தம்.

இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஒரு வருடம் வெளிநாடு போனேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது. போத்தனூர் வீட்டில் கணவர்தான் அவளைப் பார்த்துக்கொண்டார். தினமும் போனில் முகம் பார்த்தோம். அது போதும் என்று நினைத்தேன். எலிகளோடு மாரடிக்கிறவளுக்கு இந்தப் புத்தி வந்திருக்கக் கூடாது.

திரும்பி வந்து பெட்டியோடு வாசலில் நின்றேன். மகள் ஓடிவந்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். உள்ளே போய், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, பாதியைத் தரையில் சிந்தியபடி தண்ணீர் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அப்படிக் கொடுக்க அவள் அப்பா பழக்கியிருந்தார். என் வளையலைத் தொட்டாள், கைப்பையைத் திறந்தாள், முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு அம்மணி, எப்புடி ஒட்டிக்கிச்சு" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நான் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தேன்.

இரவு அவரிடம் எலி விஷயத்தைச் சொன்னேன். பெற்ற பிள்ளையைப் போய் எலியோடு வைத்துப் பார்க்கிறாயா என்று கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம்தான். ஆனால் தினமும் மாலை நான் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அதே "வாங்க", அதே டம்ளர். பக்கத்து வீட்டார் அவள் மரியாதையை மெச்சினார்கள். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தேன். மகள் தரையில் குப்புறப் படுத்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றினேன், பையை வைத்தேன். அவள் தலையைத் தூக்கவே இல்லை. சமையலறையிலிருந்து கணவர் அதட்டினார்.

"ஆரு வந்திருக்கறாங்க பாரு கண்ணு. வாங்கன்னு சொல்ல மாட்டயா?"

"அம்மாதானுங்கப்பா" என்றாள், கிறுக்குவதை நிறுத்தாமல்.

அன்று எனக்குத் தண்ணீர் கொண்டுவர ஆளில்லை. நானே போய் மொண்டு, வயிறு நிறையக் குடித்தேன்.