அந்தோனியாரின் லைற் வளையம்

பண்டத்தரிப்புக்குப் போகும் வழியில் ஒரு குழிக்குள் விழுந்து எழும்பியபோது, என் பழைய ஏ-40 காரின் இடது முன் லைற் வளையம் கழன்று உருண்டோடியது. நான் இறங்குவதற்குள் பின்னால் வந்த மணல் டிப்பர் அதை அப்பளமாக்கிவிட்டுப் போனது. லைற் கண்ணாடியைப் பிடித்து வைத்திருந்ததே அந்தக் குரோம் வளையந்தான். கண்ணாடி விழாமல் கம்பியால் இழுத்துக் கட்டினேன்.

ஒரு சின்ன வளையத்துக்கு நான் பட்ட பாடு! யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்காத கடை இல்லை. "ஆரண்ணை உதெல்லாம் இப்ப வைச்சிருக்கினம்?" என்று சிரித்தார்கள். கொழும்பு வியாபாரி ஒருவர், சோடியாகத்தான் விற்பேன் என்றார். அவர் சொன்ன விலையைத் திருப்பிக் கேட்டேன். என் காதில் பிழையில்லை. ஒரு கிழமை கழித்துப் போன் எடுத்தால் விலை இன்னும் ஏறியிருந்தது. அடுத்த கிழமை அந்தச் சோடியும் போய்விட்டது. "பேசாம காரையே குடுத்திருங்களேன். உடைச்சு வித்தா முழுக் காரை விட நல்ல விலை வரும்" என்று ஆறுதல் வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கையின் மகளுக்குக் கலியாணம். தாலி ஏறியதும் மாமாவின் காரில்தான் வருவேன் என்று சின்ன வயதிலேயே சொல்லி வைத்தவள் அவள். நானும் ஓமென்று விட்டேன். மச்சானோ, "ஒற்றைக் கண் காரிலை கலியாணப் பொம்பிளையை ஏத்துறதோ? நான் வேறை கார் பிடிக்கிறன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு கிழமைதான் இருந்தது.

அந்த எரிச்சலோடு குருநகருக்கு மீன் வாங்கப் போனேன். ஒரு வீட்டு மதிலோடு குட்டிக் கோயில் போல ஒரு சின்னக் கெபி. உள்ளே மாதாவும் அந்தோனியாரும் நின்றார்கள். அந்தோனியாரின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமாக, பளபளவென்று ஒரு ஏ-40 லைற் வளையம்! ஒரு கீறல்கூட இல்லை.

எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது அந்த வீட்டுக்காரி வெளியே வந்தாள்.

"தங்கச்சி, உந்த வளையம்…"

"அதோ? என்ரை மனுசன் பழைய இரும்புக்குள்ளை கண்டெடுத்தது" என்றவள் என் காரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "உங்களிட்டை மற்றது இருக்குது! மாதாவுக்கும் ஒண்டு வைக்கவேணுமெண்டு எத்தினை வருசமாத் தேடுறம். அந்தோனியாருக்கு மட்டும் இருக்கிறது சரியோ, சொல்லுங்கோ? ஒண்டை வைச்சு நீங்கள் என்ன செய்யப் போறியள்?"

நான் அவளிடம் கேட்கவிருந்த கேள்வியே அதுதான். பிச்சை எடுத்தாராம் பெருமாள், பிடுங்கித் தின்றாராம் அனுமார் என்ற கதையாகிவிட்டது. பொறுமை போய், குழி, டிப்பர், கொழும்பு, கலியாணம் எல்லாவற்றையும் அவள் மேல் கொட்டினேன்.

"பொம்பிளைக்கோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே."

உள்ளே போய்த் திருப்புளியோடு வந்து தானே கழற்றினாள். "அந்தோனியார் திருநாளுக்கு முந்திக் கொண்டு வந்து தாங்கோ, அண்ணை." என் பேர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை.

மருமகள் இரண்டு கண்ணும் உள்ள காரில் வந்து இறங்கினாள். மச்சானே முன்னுக்கு வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

மறுநாளே குருநகருக்குப் போய், வளையத்தைக் கழற்றி அந்தோனியாருக்குப் பின்னால் பூட்டினேன். பக்கத்தில் மாதா வெறுமனே நின்றார். வந்த எரிச்சலில் காரடிக்குத் திரும்பிப் போய் வலது பக்க வளையத்தையும் கழற்றினேன்.

"ஐயோ அண்ணை, உங்கடை காருக்கு?"

"ஒண்டை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்று சினந்தேன்.

இரண்டு பக்கமும் கம்பி கட்டிக்கொண்டு இணுவிலுக்குத் திரும்பினேன். வீட்டில் வாங்கிய பேச்சைச் சொல்லத் தேவையில்லை. போன கிழமை கொழும்பு வியாபாரி போன் எடுத்தார். அந்த வளையத்துக்கு எவ்வளவும் கொடுக்க ஆள் இருக்கிறதாம். உங்கள் பக்கம் எங்காவது ஒரு சோடி கண்டீர்களா என்று கேட்டார்.

"ஒரு இடமும் காணேல்லை" என்றேன்.